இரண்டெழுத்தா, நான்கெழுத்தா? சொற்புதிர் வழியே உலகின் நீளமான ஆறுகள்

கோலாலம்பூரில் மஸ்ஜிட் ஜாமெக் எல்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கி ஆற்றோரம் நடந்தால், பள்ளிவாசல் நிற்கும் நிலம் ஒரு முனையில் கூர்மையாக முடிவதைப் பார்க்கலாம். அதன் ஒரு பக்கம் கோம்பாக் ஆறு, மறுபக்கம் கிள்ளான் ஆறு. முனையைத் தாண்டியதும் இரண்டும் ஒன்று. மலாயில் 'கோலா' என்றால் ஓர் ஆறு இன்னோர் ஆற்றிலோ கடலிலோ போய்ச் சேரும் இடம். 'லும்பூர்' என்றால் சேறு. நம் ஊரின் பெயரே புவியியல் பாடத்தின் ஒரு வரி. கோலா சிலாங்கூர், கோலா கங்சார், கோலா திரங்கானு என்று சொல்லும்போதெல்லாம் ஏதோ ஓர் ஆறு எங்கோ சேர்வதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சுங்கை பட்டாணி, சுங்கை சிப்புட், சுங்கை பூலோ என்றால் ஆற்றையே பெயர் சொல்லி அழைக்கிறோம்.

ஆகவே இந்த நாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு ஆறுகளைப் பற்றிய சொற்கள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. அவற்றை வைத்து உலகத்தின் பெரிய ஆறுகளை எப்படி அறிந்துகொள்வது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். கருவி எளியது: கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில், அழிப்பான்.

செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் சனிக்கிழமை காலைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு சொற்புதிர் போடுகிறேன். ஒரு நாள் வெள்ளைப் பலகையில் 'உலகின் மிக நீளமான ஆறு' என்று மட்டும் எழுதிவிட்டுத் திரும்பினேன். ஐந்தாம் ஆண்டில் படிக்கும் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"எத்தனை எழுத்து, டீச்சர்? இரண்டா, நான்கா?"

இரண்டென்றால் நைல். நான்கென்றால் அமேசான். அவள் இரண்டையும் வெவ்வேறு புத்தகங்களில் படித்திருந்தாள். அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல எனக்கு இரண்டு சனிக்கிழமைகள் தேவைப்பட்டன. அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எழுத்துகளை எண்ணிவிடுவோம். தமிழ்க் குறுக்கெழுத்தில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. உயிரெழுத்து, மெய்யெழுத்து, உயிர்மெய்யெழுத்து எதுவானாலும் ஒன்றுக்கு ஒரு கட்டம். நைல் என்பதில் நை, ல் என இரண்டு. அமேசான் என்பதில் அ, மே, சா, ன் என நான்கு. ஆங்கிலத்தில் பதினோரு கட்டங்களை அடைத்துக்கொள்ளும் மிசிசிப்பி, தமிழில் மி, சி, சி, ப், பி என்று ஐந்தே கட்டங்களில் அடங்கிவிடுகிறது. கணினியில் புதிர் தயாரிக்கிறவர்கள் இங்கே மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட பல நிரல்கள் உயிர்மெய்யைப் பிளந்து, 'ந' ஒரு கட்டத்திலும் 'ஐ'காரக் குறி அடுத்த கட்டத்திலுமாகப் போட்டுவிடும். அப்படி அச்சான ஒரு தாளை நான் ஒருமுறை பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். புள்ளிகளும் கொம்புகளும் தனித்தனிக் கட்டங்களில் தொங்கிக்கொண்டிருந்தன. எழுத்து எது என்று இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. அன்றிலிருந்து கையால்தான் கட்டம் போடுகிறேன்.

வெளிநாட்டுப் பெயர்களை எப்படி எழுதுவது என்பதையும் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மீகாங், மேகோங், மெக்கோங் என்று ஒரே ஆறு மூன்று விதமாக அச்சில் வருகிறது. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அன்றைய புதிர் முழுவதும் ஒன்றையே பிடித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். நைலின் நீளமாகப் பெரும்பாலான நூல்கள் தருவது சுமார் 6,650 கிலோமீட்டர். அமேசானுக்குச் சுமார் 6,400. இதன்படி நைல்தான் முதலிடம். ஆனால் 2007-ல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் அமேசானை மறுபடி அளந்து, அது ஏறத்தாழ 6,800 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். ஆறு அதேதான். அளந்த விதம் மாறியது.

ஒரு நூலை அளக்க வேண்டுமானால் இரண்டு முனைகளும் தெரிய வேண்டும். ஆற்றுக்கு அந்த இரண்டு முனைகளுமே சிக்கல். கடைசி முனையைக் கழிமுகம் என்கிறோம். அமேசானின் வாயில் மராஜோ என்ற மிகப் பெரிய தீவு கிடக்கிறது. அதன் வடபுறம் போகும் நீரோடு அளவை முடிப்பதா, தென்புறம் சுற்றி வரும் நீர்வழியையும் சேர்ப்பதா என்பதைப் பொறுத்தே கணக்கு மாறும். முதல் முனை இன்னும் கடினம். அமேசானுக்குப் பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைகளில் எத்தனையோ தாய் ஓடைகள். அபூரிமாக் ஆற்றின் தலைப்பகுதியில் உள்ள மிஸ்மி சிகரத்தைப் பல ஆண்டுகள் மூலமாகக் கொண்டார்கள். 2014-ல் வேறு ஆய்வாளர்கள், மந்தாரோ ஆற்றின் வழியாகப் போனால் தொலைவு இன்னும் கூடும் என்றார்கள். நைலிலும் இதே கதைதான். 1858-ல் ஜான் ஸ்பீக் என்ற ஆங்கிலேயர் விக்டோரியா ஏரியைக் கண்டு, நைலின் பிறப்பிடம் இதுதான் என்றார். ஆனால் அந்த ஏரிக்குள்ளேயே ககேரா என்ற ஆறு வந்து விழுகிறது. அதையும் பிடித்துக்கொண்டு மேலேறினால் ருவாண்டா, புருண்டி மலைகள் வரை போக வேண்டும்.

இங்கேதான் முக்கியமான கருத்து இருக்கிறது. ஆற்றின் நீளம் என்று நாம் சொல்வது, ஒரு பெயரின் நீளத்தை அன்று, ஒரு நீர்வழியின் நீளத்தை. நீர் எங்கே தொடங்குகிறதோ அங்கே பெயர் தொடங்குவதில்லை. பெருவில் மாரன்யோன், உகயாலி என்னும் இரண்டு ஆறுகள் சேர்ந்த பிறகே அமேசான் என்ற பெயர் பிறக்கிறது. பிரேசிலுக்குள் நுழைந்ததும் அந்தப் பெயரும் கொஞ்ச தூரம் மறைந்து, மனௌஸ் நகரம் வரை அதே நீரைச் சொலிமோயிஸ் என்று அழைக்கிறார்கள். மனௌஸ் அருகே நெக்ரோ என்ற கரிய நீர் ஆறு வந்து சேர்கிறது. கருப்பும் பழுப்புமாக இரண்டு நீரும் சில கிலோமீட்டர் தொலைவு கலக்காமல் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. மஸ்ஜிட் ஜாமெக் முனையில் நின்று பார்த்த பிள்ளைகளுக்கு இந்தக் காட்சியைச் சொன்னால் உடனே பிடிபடுகிறது. அதுவும் ஒரு கோலாதானே!

பெயருக்கும் நீருக்கும் உள்ள இந்த வேற்றுமையை மிகத் தெளிவாகக் காட்டுவது மிசிசிப்பி. அதில் வந்து விழும் துணையாறான மிசௌரி, மிசிசிப்பியைவிடச் சற்று நீளமானது. வட அமெரிக்காவில் தனிப் பெயரோடு ஓடும் ஆறுகளில் மிக நீளமானதே மிசௌரிதான். செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே இரண்டும் சேர்ந்ததும் பெயர் மட்டும் மிசிசிப்பிக்குப் போய்விடுகிறது. நீளமான ஆறுகளின் பட்டியலில் நான்காவதாக வருவது இந்த இரண்டும் சேர்ந்த அமைப்பு, ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர். அந்த அளவு மிசௌரியின் தலையில் தொடங்கி மிசிசிப்பியின் வாயில் முடிகிறது. மிசிசிப்பியின் மேற்பகுதி அந்தக் கணக்கிலேயே வருவதில்லை.

இதைச் சொற்புதிர் எப்படிக் கற்றுத்தருகிறது என்று கேட்பீர்கள். குறுக்கெழுத்தில் இரண்டு சொற்கள் ஓர் எழுத்தைப் பகிர்ந்துகொள்ளும் கட்டம் ஒன்று உண்டல்லவா? அந்தக் கட்டத்தை நாங்கள் 'கூடுதுறை' என்று அழைக்கிறோம். காவிரியும் பவானியும் சேரும் பவானி ஊரின் கூடுதுறையிலிருந்து எடுத்த சொல். ஒரு கட்டத்தில் நிற்கும் எழுத்து எந்தச் சொல்லுக்குச் சொந்தம்? இரண்டுக்கும்தான். கூடுதுறையில் நிற்கும் நீரும் அப்படித்தான். பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

நோட்டை எடுத்துப் போட்டுப் பாருங்கள். குறுக்கே பத்து, நெடுக்கே ஐந்து கட்டங்கள் போதும். மேலிருந்து மூன்றாம் வரிசையில், இடது ஓரத்திலிருந்து வோல்கா என்று எழுதுங்கள். அதன் நடு எழுத்தான 'ல்' கீழாக வரும்படி, மேலிருந்து கீழ் நைல். வோல்காவின் 'கா'விலிருந்து கீழே இறங்குவது காங்கோ. காங்கோ முடியும் 'கோ'விலிருந்து இடமிருந்து வலமாகக் கோதாவரி. கோதாவரி முடியும் 'ரி'யில் வந்து இறங்குவது மிசௌரி. மிசௌரியின் 'மி' மூன்றாம் வரிசையிலேயே வந்து நிற்கும். அங்கிருந்து வலப்பக்கம் மிசிசிப்பி. அதன் இரண்டாவது 'சி'யில் மேலிருந்து வந்து முடிகிறது யாங்சி. ஏழு ஆறுகள், ஆறு கூடுதுறைகள், ஓர் எழுத்துகூடத் தப்பாக உரசவில்லை. வரைபடத்தில் என்றுமே சந்திக்காத வோல்காவும் கோதாவரியும் இங்கே காங்கோ வழியாகக் கைகோத்துக்கொள்கின்றன. சந்திக்கவே வேண்டிய மிசௌரியும் மிசிசிப்பியும் ஒரே 'மி'யில் சந்திக்கின்றன. இந்தக் கட்டம் அமைந்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

கட்டம் தயார். இனிக் குறிப்புகள் எழுத வேண்டும். என் அனுபவத்தில் உண்மையான கல்வி அங்கேதான் நடக்கிறது. எழுத்துக் குவியலில் பெயரைத் தேடி வட்டமிடும் சொல்தேடல் புதிர் எழுத்துக்கூட்டிப் படிக்க உதவும். அதற்கு மேல் அது ஒன்றும் செய்யாது. யெனிசேய் என்ற பெயரைக் கண்டுபிடித்து வட்டமிட்ட பிள்ளைக்கு, அது சைபீரியாவைக் கடந்து ஆர்க்டிக் கடலுக்குப் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. எழுத்துகளைக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்வதும் அப்படித்தான். குறிப்பு எழுதும்போது நிலைமை வேறு. ஒரு குறிப்புக்கு ஒரே விடைதான் இருக்க வேண்டும். அந்த ஒரு விதி பிள்ளையை வரைபடத்தின் முன் கொண்டுபோய் உட்கார வைக்கிறது.

வோல்காவுக்கு ஒரு பையன் முதலில் எழுதியது, 'ரஷ்யாவில் ஓடும் நீளமான ஆறு'. உடனே மற்றவர்கள் மறித்தார்கள். லேனாவும் ரஷ்யாதான், ஓப் ஆறும் ரஷ்யாதான், இரண்டும் வோல்காவைவிட நீளம். 'ஐரோப்பாவின் மிக நீளமான ஆறு' என்று மாற்றினான். விடை ஒன்றாகிவிட்டது. பிறகு வரைபடத்தில் விரலை வைத்துக்கொண்டே போனவன், அது பெருங்கடலுக்குப் போகாமல் காஸ்பியனில் போய் நிற்பதைக் கண்டுபிடித்தான். 'சுமார் 3,500 கிலோமீட்டர் ஓடியும் பெருங்கடலைப் பார்க்காத ஐரோப்பிய ஆறு (3)' என்று இறுதியில் எழுதினான். மூன்று எழுத்து என்பதை அடைப்புக்குறிக்குள் போட மறக்கக் கூடாது. உலகின் மிக நீளமான ஆறு எது என்ற வழக்கை அந்த எண்தான் தீர்த்து வைக்கிறது.

காங்கோவுக்கு நல்ல குறிப்பு எழுதுவது எளிது, ஏனென்றால் அதைப் போல் வேறு ஆறு இல்லை. நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடக்கிறது. சில இடங்களில் 220 மீட்டருக்கும் மேல் ஆழம், உலகின் மிக ஆழமான ஆறு. யாங்சிக்கு எழுதும்போது, அது பிறந்து கடலில் சேரும் வரை சுமார் 6,300 கிலோமீட்டரையும் ஒரே நாட்டுக்குள் ஓடி முடிப்பதைப் பயன்படுத்தலாம். சீனர்கள் அதைச் சாங் ஜியாங் என்கிறார்கள். அதற்குப் பொருளே நீண்ட ஆறு என்பதுதான். எங்கள் வகுப்புக்கு அருகில் உள்ள கடைக்காரர் ஒருவர் அந்தச் சீனச் சொற்களைச் சரியாக உச்சரித்துக் காட்டினார். இப்படி ஒரு வசதி கோலாலம்பூரில்தான் கிடைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது நைஜர். கினி நாட்டின் மேட்டுநிலத்தில், அட்லாண்டிக் கடலிலிருந்து வெறும் 240 கிலோமீட்டர் தொலைவில் பிறக்கிறது. அருகில் இருக்கும் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு, பாலைவனத்தின் ஓரம் வரை உள்நாட்டுக்குப் போய், அங்கே வளைந்து திரும்பி, ஏறக்குறைய 4,180 கிலோமீட்டர் நடந்த பிறகே கடலுக்கு வருகிறது. இதை ஒரு விடுகதையாக ஆக்கிவிட்டோம்: 'வாசலில் பிறந்தாள், கொல்லை வழியே ஊரைச் சுற்றினாள், வாசலுக்கே வந்து சேர்ந்தாள், அவள் யார் (3)?' நைலுக்கும் அதே போல் ஒன்று: 'தெற்கே பிறந்தாள், வடக்கே நடந்தாள், கார்ட்டூமில் நீலச் சேலையும் வெள்ளைச் சேலையும் ஒன்றாய் முடிந்தாள், கடலோரம் பச்சை விசிறி விரித்தாள் (2)'. எத்தியோப்பியாவிலிருந்து வரும் நீல நைலும் விக்டோரியா ஏரிப் பக்கமிருந்து வரும் வெள்ளை நைலும் சூடானின் கார்ட்டூம் நகரில் சேர்கின்றன. விசிறி என்பது எகிப்தின் கழிமுக நிலம். அட்டவணையாகப் படித்தால் ஒரு வாரம்கூட நிற்காத செய்தி, விடுகதையாகக் கேட்டபின் நினைவை விட்டுப் போவதே இல்லை.

தமிழுக்கே உரிய இன்னொரு வளமும் இருக்கிறது, நம் சொற்களின் இரட்டைப் பொருள். ஆறு என்றால் நதி, ஆறு என்றால் எண், பழந்தமிழில் ஆறு என்றால் வழி. மீகாங் ஆறு சீனா, மியான்மார், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் என்று ஆறு நாடுகளைத் தொடுகிறது. 'ஆறு நாட்டு ஆறு (3)' என்பதைவிடச் சுருக்கமான, அழகான குறிப்பு எந்த மொழியில் கிடைக்கும்? கோதாவரியைப் பிரித்தால் கோதா, வரி. 'மல்யுத்தக் களத்துக்கு வரி போட்டால் நாசிக் பக்கம் பிறக்கும் ஆறு (4)'. தாமிரபரணியில் தாமிரமும் இருக்கிறது, பரணியும் இருக்கிறது. சிந்து என்பது ஆறும்தான், பாட்டும்தான். தைப்பூசத்துக்குப் பத்து மலைக்குப் போய் வந்த மறுவாரம் ஒரு பெண் எழுதினாள்: 'கயிலாயத்துக்கு அருகே பிறப்பேன், பாகிஸ்தானில் கடலில் சேர்வேன், காவடியோடு பாட்டாக வருவேன் (3)'. சிந்து திபெத்தில் கயிலாய மலைப் பகுதியில்தான் பிறக்கிறது. காவடிச் சிந்தை அவளுக்கு அவளுடைய பாட்டி சொல்லிக்கொடுத்திருந்தார். நான் உதவவே இல்லை.

கிலோமீட்டர் எண்கள் பிள்ளைகளுக்கு வெறும் எண்களாகவே நிற்கும். அவற்றைக் கால் பதித்த இடங்களோடு கட்டிவிட வேண்டும். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு பஸ்ஸில் போனால் சுமார் 350 கிலோமீட்டர். தீபாவளிக்குப் பாட்டி வீட்டுக்குப் போய்வரும் பிள்ளைகளுக்கு அந்தத் தொலைவு உடம்பிலேயே தெரியும். அப்படிப் பத்தொன்பது முறை பயணம் செய்தால் நைல். நம் கிள்ளான் ஆறு சுமார் 120 கிலோமீட்டர், அதை ஐம்பத்தைந்து முறை ஒட்டவைத்தால்தான் நைல் வரும். மலேசியாவின் மிக நீளமான ஆறு சரவாக்கில் ஓடும் ராஜாங், சுமார் 563 கிலோமீட்டர். காவிரி 800. இந்த எண்களையும் குறிப்புகளில் சேர்க்கலாம். ஆனால் 'சுமார்' என்ற சொல்லை விடாமல் எழுதச் சொல்லுங்கள். ஆற்று நீளத்தில் 'சுமார்' என்பது தயக்கத்தின் அடையாளமாகாது. எந்த ஓடையிலிருந்து, எந்த வாய் வரை என்று அளப்பவர் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பதை அந்தச் சொல் நேர்மையாகக் காட்டுகிறது.

நீளமும் பெருமையும் ஒன்று என்று பிள்ளைகள் எண்ணிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நீளத்தில் நைலும் அமேசானும் போட்டியிடலாம். நீரளவில் போட்டியே இல்லை. உலகத்து ஆறுகள் எல்லாம் கடலில் கொட்டும் நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அமேசான் ஒன்றிலிருந்தே வருகிறது. நைல் பாலைவனத்தின் நடுவே ஓடி, ஆவியாகியும் வயலுக்குப் பாய்ந்தும் மெலிந்துபோய்தான் மத்தியதரைக் கடலை அடைகிறது. ஆகவே 'உலகின் மிகப் பெரிய ஆறு' என்று குறிப்பு எழுதினால் அது நான்கெழுத்துத்தான். 'மிக நீளமான' என்று எழுதினால் அடைப்புக்குறிக்குள் எண் கட்டாயம் வேண்டும்.

சென்ற மாதம் பிள்ளைகளை மறுபடியும் மஸ்ஜிட் ஜாமெக் முனைக்கு அழைத்துப்போனேன். எத்தனை எழுத்து என்று முதல் நாள் கேட்ட அதே பெண், ஆற்றோரக் கம்பியில் நோட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டு நெடுநேரம் எழுதி எழுதி அழித்தாள். பிறகு என்னிடம் காட்டினாள்:

'சேற்றில் இருவர் சந்தித்தார்கள், ஊருக்குப் பெயர் வந்தது, எனக்குப் பெயர் போனது. நான் யார் (4)?'

"இதற்கு ஒரே விடைதானா?" என்று கேட்டேன். "இரண்டு ஆற்றுக்கும் நான்கெழுத்துதான் டீச்சர், எண்ணிவிட்டேன். ஆனால் இதற்கு அப்பால் யாருடைய பெயர் ஓடுகிறது என்று பாருங்கள்" என்று கீழ்நோக்கிப் போகும் நீரைக் காட்டினாள்.